ஏடு காத்தல்: விக்கியும் கோப்புரிமையும்
(தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன், ஆண்டிபட்டி)

முகவுரை

ஏடு எழுதுதல் அரிது. எழுதிய ஏட்டைக் காத்தல் அதனினும் அரிது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சுவடி தேடி ஊர்தோறும் அலைந்த காலத்தில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கும் சென்றார்கள். அங்கிருந்த பழஞ்சுவடிகள் எங்கே என்று அவர்கள் வினவ, அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்று விடை வந்தது. அது கேட்டுத் தாம் எய்திய துயரத்தை அப்பெரியார் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்கள். அவ்வேடுகளை அழித்தோர் தமிழுக்குப் பகைவர் அல்லர், கள்வரும் அல்லர். அறையைத் திறக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது; ஏட்டை எடுக்கும் உரிமையும் இருந்தது. எடுத்த பொருளின் அருமையை அறியும் அறிவு ஒன்றே இல்லாதிருந்தது.

இக்காலத்து ஏடு பனையோலையன்று. கணிப்பொறியில் உறையும் கோப்பே ஏடாயிற்று. கறையானும் வெள்ளமும் அதனை அணுகா என்று எண்ணி நம்மவர் பலர் அச்சமின்றி உறங்குகின்றனர். ஆயின் ஓலைக்கு நேர்ந்த அதே கேடு கோப்பிற்கும் நேர்கின்றது. உரிமையுடையோன் ஒருவன், பகைமை சிறிதுமின்றி, ஒரு கணத்தில் அதனை இல்லாமற் செய்துவிடுகின்றான். எவர்க்கு எவ்வளவு உரிமை அளித்தல் வேண்டும் என்பதை அறியாமையே இக்கேட்டிற்குக் காரணம். இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். என் கையால் இழைத்த பிழையாற் கற்றேன். அப்பிழை பிறர்க்கு நேராதிருத்தல் வேண்டி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விக்கி யாது?

பலர் கூடி எழுதவும் திருத்தவும் இடந்தரும் வலைத்தளமே விக்கி எனப்படும். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வார்டு கன்னிங்காம் என்பார் முதல் விக்கியை அமைத்தார். 'விக்கி' என்பது ஹவாய்த் தீவினர் மொழியில் விரைவு எனப் பொருள்படும் சொல். தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டில் தோன்றி வளர்ந்து வருதலை நம் மாணவர் அனைவரும் அறிவர்.

விக்கிப்பீடியாவைக் காப்போர் கடல் கடந்த நாட்டில் உள்ளனர். அதன் கோப்புகளைப் பற்றி நாம் கவலுறுதல் வேண்டா. ஆயின் ஒரு கல்லூரியோ, சங்கமோ, நண்பர் குழுவோ தனக்கென ஒரு கணிப்பொறியில் விக்கி நிறுவிக்கொள்ளுதலும் உண்டு. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையாகி, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழத்து எழுத்துக்களைத் திரட்டிக் காக்க 2005-ஆம் ஆண்டில் 'நூலகம்' என்னும் மின்னூலகம் எழுந்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளையே அதுவும் மேற்கொண்டது. சிறியார்க்கு ஏற்றது டோக்குவிக்கி என்னும் மற்றொரு மென்பொருள். 2004-ஆம் ஆண்டில் செருமானியர் ஒருவரால் ஆக்கப்பட்ட இஃது, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தனிக் கோப்பாகவே வைத்துக்கொள்ளும். பழைய கணிப்பொறி ஒன்று இருப்பினும் போதும். மாணவரும் இதனை எளிதில் நடத்தலாம்.

இவ்வாறு தாமே நடத்தும் விக்கியில், எழுதுவோனும் தாமே, காவலனும் தாமே. இரண்டாவது தொழிலை அறியாது முதற்றொழிலை மேற்கொண்டோர் படும் பாட்டை இனிக் கூறுவேன்.

எமக்கு நேர்ந்தது

எம்மூராகிய ஆண்டிபட்டியும் அதனை அடுத்த சக்கம்பட்டி, சுப்புலாபுரம் முதலிய ஊர்களும் கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றவை. தறியோசை குறைந்துவரும் இந்நாளில் தறியோடு வாழ்ந்த சொற்களும் மறைந்து வருகின்றன. பாவு, ஊடை, தார், விழுது, அச்சு, நாடா என்பன போன்ற சொற்களை இளையோர் பலர் அறியார். ஆதலின் நண்பர் மூவர் கூடி, விடுமுறைக் காலத்தில் நெசவுச் சொற்களைத் திரட்டத் தொடங்கினோம். ஒரு தோழன் வீட்டுப் பழங்கணிப்பொறியில் டெபியன் லினக்ஸ் இட்டு, அதன்மேல் டோக்குவிக்கியை நிறுவினோம். இரண்டு கோடை விடுமுறைகளில் 340 பக்கங்கள் சேர்ந்தன.

அத்தோழனுடைய அப்பத்தா எண்பது அகவை கடந்தவர். நாங்களும் அவரை அப்பத்தா என்றே அழைத்தோம். இளமையில் தார் சுற்றியும் பாவு ஓடியும் பழகியவர். 1959-ஆம் ஆண்டில் வைகை அணை எழுந்து நீர் தேங்குமுன் அப்பக்கத்து ஊர்கள் இருந்த நிலையையும் அவர் கண்டிருந்தார். அவர் கூறியவற்றைக் கைபேசியில் 11 ஒலிப்பதிவுகளாக எடுத்தோம். "எழுதி வச்சுக்கங்கப்பா, எனக்கப்புறம் கேக்க ஆளு இருக்காது" என்று அவர் ஒருநாள் கூறிச் சிரித்தார். அவர் சொல்லிய சொற்களுள் 7 சொற்களை யாம் வேறு எவரிடத்தும் கேட்டதில்லை. அவற்றின் பக்கங்களில் சொல்லை மட்டும் எழுதி, பொருள் என்னுமிடத்தில் 'ஒலிப்பதிவைக் கேட்க' என்று குறித்து, பின்னர் ஆற அமர எழுதலாம் என்று விட்டுவைத்தோம். அவ்வாண்டு தைத்திங்களில் அப்பத்தா காலமாயினார்.

அதன்பின் வந்த விடுமுறையில் நேர்ந்தது இது. ஒலிப்பதிவுகள் பெரியனவாதலின், அவற்றை விக்கியின் வாயிலாக ஏற்றாது, 'ரூட்' என்னும் தலைமைக் கணக்கில் நின்று நேரே கோப்புறைக்குள் யான் படியெடுத்து வைத்திருந்தேன். அவை தலைமைக் கணக்கே அன்றிப் பிறர் எவரும் படிக்கவியலாதனவாக அமைந்துவிட்டன. ஆதலின் விக்கியில் அவற்றின் பெயர் தோன்றும். தொட்டாலோ ஒலி எழாது. அதனைச் சரிசெய்ய ஓரிரவு எட்டு மணியளவில் முயன்றேன். எவர்க்கு எவ்வுரிமை வேண்டும் என்று ஆராயும் பொறுமை எனக்கில்லை. எல்லார்க்கும் எல்லாவுரிமையும் அளிக்கும் '777' என்னும் எண்ணை விக்கியின் கோப்புறை முழுமைக்கும் ஒரே கட்டளையில் இட்டேன். ஒலி எழுந்தது. அப்பத்தாவின் குரலை மூவரும் சிறிது நேரம் கேட்டோம். கைபேசியிலிருந்த மூலப்பதிவுகளை, விக்கியில்தான் உளவே என்று எண்ணி முன்னரே நீக்கியிருந்தோம்.

ஒன்பது மணியளவில், வட்டில் இடம் குறைந்துவிட்டது கண்டு, தோழன் தன் கணக்கில் நின்று ஒரு சோதனைக் கோப்புறையை நீக்கப் புகுந்தான். பெயர்கள் இரண்டும் ஒத்திருந்தமையின், சோதனைக் கோப்புறை என்று கருதி ஒலிப்பதிவுக் கோப்புறையையே நீக்கிவிட்டான். முன்னொரு நாளும் அவன் இவ்வாறு பெயர் மாறி நீக்க முயன்றதுண்டு. அன்று கணிப்பொறி 'அனுமதி இல்லை' என்று மறுத்தது, நாங்கள் நகைத்தோம். இம்முறை அது மறுக்கவில்லை. மறுக்கும் வல்லமையை ஒரு மணி நேரத்திற்கு முன்னரே யான் பறித்துவிட்டேன்.

இரவுதோறும் இரண்டு மணிக்குக் காப்புப்படி எடுக்கும் ஏற்பாடு எம்மிடம் இருந்தது. ஆதலின் பெரிதும் அஞ்சவில்லை. காப்புப்படியைத் திறந்து பார்த்தபோது 340 பக்கங்களும் இருந்தன. ஒலிப்பதிவு ஒன்றேனும் இல்லை. படியெடுக்கும் கணக்கிற்கு அவற்றைப் படிக்கும் உரிமை இல்லாதிருந்ததே காரணம். ஒவ்வோர் இரவும் அந்நிரல் '11 கோப்புகளைப் படிக்க அனுமதி இல்லை' என்று முறையிட்டே வந்திருந்தது. அம்முறையீட்டை எவரும் காணாதவாறு அழித்துவிடும்படி, திரை தூய்மையாக இருத்தல் வேண்டி, யாமே ஏற்பாடு செய்திருந்தோம். நீக்கிய கோப்புகளை மீட்கும் நிரல்களைக் கொண்டு இருநாள் முயன்றோம். கேட்கத்தக்க ஒலி எதுவும் கிட்டவில்லை.

தோழன் நெடுநாள் தன்னையே நொந்துகொண்டான். நீக்கியது அவன் கையே. ஆயினும் பிழை அவனதன்று. கைதவறுதல் மனிதர்க்கு இயல்பு. தவறிய கையைத் தடுத்து நிறுத்துதற்கே உரிமை வரம்பு அமைந்துள்ளது. அவ்வரம்பை உடைத்தவன் யான்.

உரிமை மூன்று; உரியோர் மூவர்

இனி, இவ்வரம்பின் இயல்பை ஆராய்வாம். லினக்ஸ் முதலிய அமைப்புகட்கு முன்னோடி, 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் ஆக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்பதாகும். ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்தியமையின், ஒருவர் கோப்பை மற்றொருவர் கெடாதவாறு காக்கும் முறை அதில் அமைந்தது. அம்முறையே இன்றும் வழங்குகின்றது.

ஒவ்வொரு கோப்பிற்கும் உரியோர் மூவர்: உடையவன் முதலாமவன், அவனைச் சார்ந்த குழுவினர் இரண்டாமவர், ஏனையோர் மூன்றாமவர். உரிமையும் மூன்று: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தற்கு 4, எழுதுதற்கு 2, இயக்குதற்கு 1 என எண் வகுத்துள்ளனர். ஒருவர்க்குரிய எண்களைக் கூட்டி, மூவர்க்கும் மூன்று இலக்கமாக எழுதுவர். 644 எனின், உடையவன் படிக்கவும் எழுதவும் வல்லன். குழுவினரும் ஏனையோரும் படிக்க மட்டுமே வல்லர். 600 எனின், உடையவனன்றிப் பிறர் எவரும் காணவும் இயலாது. 777 எனின், மூவர்க்கும் மூன்று உரிமையும் உண்டு. அஃதாவது காவல் என்பதே இல்லை. உரிமையை மாற்றும் கட்டளை 'சிஎச்மாட்'. உடையவனை மாற்றும் கட்டளை 'சிஎச்ஓன்'.

தலைமைக் கணக்காகிய 'ரூட்' இவ்வரம்புகட்கு உட்படாது. வரம்பை அது கடக்கும், எச்சரிக்கையும் பெறாது. ஆதலின் அன்றாட வேலையை அக்கணக்கில் நின்று செய்தல் தகாது.

நீக்கும் உரிமை எங்குள்ளது?

ஈண்டு மாணவர் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு கோப்பை எவரும் எழுதவியலாதபடி 444 என்று அமைத்துவிட்டால், அதனை எவரும் நீக்கவும் இயலாது என்று கருதுவர். அது பிழை.

கோப்புறை என்பது கோப்புகளை உள்ளடக்கிய பெட்டி போலத் தோன்றினும், உண்மையில் அது பெயர்ப்பதிவேடு போன்றது. எப்பெயர் எக்கோப்பைக் குறிக்கும் என்பதே அதில் எழுதியிருக்கும். கோப்பை நீக்குதல் என்பது கோப்பினுள் எழுதும் செயலன்று. பதிவேட்டிலிருந்து அதன் பெயரை அடித்துவிடும் செயலே. ஆதலின் நீக்கும் உரிமை கோப்பில் இல்லை. அதனை உள்ளடக்கிய கோப்புறையில் எழுதும் உரிமையிலேயே உள்ளது. வகுப்பில் ஒரு மாணவன் எத்துணை வலியனாயினும், வருகைப் பதிவேடு எவர் கையில் உள்ளதோ அவர் அவன் பெயரை அடித்துவிடுதல் கூடுமன்றோ? அதனை ஒப்பது இது.

இவ்வாறே கோப்புறையில் ஏனை உரிமைகளும் வேறுபொருள் தரும். படித்தல் என்பது பெயர்களைக் காணுதல். இயக்குதல் என்பது உள்ளே புகுதல். கோப்புறைக்கு இயக்கும் உரிமை இல்லையேல் உள்ளிருக்கும் கோப்பு எதனையும் அணுகவியலாது. கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் ஒரே எண்ணை இடலாகாது என்பதற்கு இதுவே காரணம். எல்லாவற்றிற்கும் 644 இட்டால் விக்கி உள்ளே புகவியலாது நின்றுவிடும். அது கண்டு வெகுண்டோர் 777-க்குத் தாவுவர்.

பலரும் எழுத வேண்டிய பொதுக் கோப்புறைக்கு ஒரு தனிக் காவல் உண்டு. 'ஒட்டுக்குறி' என்று கூறத்தக்க அதனை 1777 என்று எழுதுவர். அது பொருந்திய கோப்புறையில் எவரும் கோப்பு வைக்கலாம். ஆயின் கோப்பை உடையவனும், கோப்புறையை உடையவனும், தலைமைக் கணக்குமே அதனை நீக்கலாம். கணிப்பொறியின் தற்காலிகக் கோப்புறை இவ்வாறே அமைந்துள்ளது.

பிழை நால்வகை

விக்கி நடத்துவோர்க்கு நேரும் உரிமைப் பிழைகளை நால்வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, மிகை உரிமை. 777 இதன் தலையாய வடிவம். உள்ளிருப்போர் கைதவறி அழித்தல் மட்டுமன்று. விக்கியின் நிரற்கோப்புகளை வலைவழங்கியே திருத்தவல்லதாயின், புறத்தேயிருந்து வரும் தீயோன் ஒரு சிறு துளை வழியே புகுந்து தன் நிரலையும் வைத்துவிடுவான். மீடியாவிக்கியில் தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தாங்கும் அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு; அதனை ஏனையோர் படிக்கும்படி விடுதலும் இவ்வகைப் பிழையே.

இரண்டாவது, குறை உரிமை. டெபியன் அமைப்பில் வலைவழங்கி 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்னும் கணக்கில் இயங்கும். விக்கியின் தரவுக் கோப்புறையில் எழுதும் உரிமை அக்கணக்கிற்கு இல்லையேல், எழுதுவோன் ஒரு மணி நேரம் முயன்று எழுதிய பக்கம் சேமிக்கப்படாது போகும். அவன் எச்சரிக்கையைக் கவனியாது சாளரத்தை மூடுவானாயின் உழைப்பு வீணாகும்.

மூன்றாவது, உடையவன் மாறுதல். தலைமைக் கணக்கில் நின்று ஒரு பக்கத்தைத் திருத்தினாலோ, காப்புப்படியை மீட்டாலோ, கோப்புகள் தலைமைக் கணக்கிற்கு உடைமையாகிவிடுதல் உண்டு. பின்னர் விக்கி அவற்றைத் திருத்தவியலாது. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும்போதும் இது நேரும். கணிப்பொறி உடையவனைப் பெயரால் அன்றி எண்ணாலேயே குறித்துக்கொள்கின்றது. டெபியனில் வலைவழங்கிக் கணக்கின் எண் 33. ரெட் ஹாட் வழிவந்த அமைப்புகளில் அப்பாச்சி வழங்கிக் கணக்கின் எண் 48. எண்ணை மாற்றாது எடுத்துச் சென்றால், வீடு மாறியபின் பழைய பூட்டின் சாவியைக் கையில் வைத்திருப்பது போலாகும்.

நான்காவது, படியெடுப்போனுக்கு உரிமையின்மை. இதுவே நால்வகையினும் கொடிது. முன் கூறிய மூன்றும் விரைவிலோ தாமதித்தோ வெளிப்பட்டுவிடும். இஃது ஒன்று மட்டும், காப்புப்படி தேவைப்படும் நாள்வரை வாய்திறவாது. படியெடுக்கும் நிரல் படிக்கவியலாத கோப்பைத் தாண்டி ஏனையவற்றை எடுத்துக்கொண்டு போய்விடும். 'ஆர்சிங்க்' என்னும் நிரல் இத்தகைய குறைபாட்டை 23 என்னும் முடிவெண்ணாலும், 'டார்' என்னும் நிரல் 2 என்னும் முடிவெண்ணாலும் உணர்த்தும். அவ்வெண்ணை நோக்குவார் இல்லையேல் அவை கூறியும் பயன் யாது?

முன்வாசலும் கொல்லைப்புறமும்

விக்கிதான் பழைய வடிவங்களை யெல்லாம் காத்து வைக்கின்றதே, நீக்கியதை மீட்டுக்கொள்ளலாகாதோ என்று சிலர் வினவலாம். விக்கியின் முன்வாசல் வழியே, அஃதாவது வலைப்பக்கத்தின் வழியே, நீக்கப்பட்டது மீளும். மீடியாவிக்கியில் நீக்கிய பக்கத்தை நிருவாகி மீட்கலாம். டோக்குவிக்கியும் பக்கங்களின் பழைய வடிவங்களைப் பரணில் இட்டு வைப்பது போல ஒரு தனிக் கோப்புறையில் வைக்கின்றது. மேலும் படித்தல், திருத்தல், ஆக்கல், ஏற்றல், நீக்கல் என்று ஐவகை உரிமைகளை வகுத்து, எவர்க்கு எது என்று நிருவாகி வரையறுக்கவும் இடந்தருகின்றது.

ஆயின் கொல்லைப்புறம் வழியே, அஃதாவது கணிப்பொறியின் கட்டளைத்திரையில் நின்று, கோப்பை நீக்கினால் விக்கி அதனை அறியாது. அதன் வரலாற்றிலும் பதியாது. பரணாகிய கோப்புறையும் அதே வட்டில், அதே உரிமையின்கீழ் உள்ளமையின், 777 இட்ட வீட்டில் பரணையும் ஒருவன் கணத்தில் வெறுமையாக்கலாம். எமக்கு நேர்ந்தது கொல்லைப்புறக் கேடு.

பெரியோர்க்கும் நேர்ந்தது

இவையெல்லாம் மாணவர்க்கே நேரும் சிறுபிள்ளைத்தனம் என்று கருதற்க. மென்பொருள் எழுதுவோர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள் இரவு, பொறியாளர் ஒருவர் இரண்டாம் வழங்கியில் இருந்த வெற்றுக் கோப்புறையை நீக்க எண்ணி, முதல் வழங்கியில் இருந்த தரவுக் கோப்புறையை நீக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடியில் பிழையுணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது.

காப்புக்கென அவர்கள் வகுத்திருந்த ஐந்து முறைகளும் அவ்வேளையில் எண்ணியவாறு உதவவில்லை. நாள்தோறும் படியெடுக்கும் நிரல், தரவுத்தளத்தின் பதிப்பினும் பழைய பதிப்பாயிருந்தமையின் படியெடாமலே நின்றிருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், உரிய ஒப்பம் இல்லாமையால், சேருமிடத்தில் ஏற்கப்படாது போயின. வேறொரு வேலையின் பொருட்டு ஆறு மணி நேரத்திற்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த நிழற்படி ஒன்றே அவர்களைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. இவற்றையெல்லாம் மறையாது அவர்களே உலகறிய எழுதி வெளியிட்டமை போற்றத்தக்கது.

2021-ஆம் ஆண்டு திசம்பரில் சப்பான் நாட்டுக் கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் மீக்கணிப்பொறியில், காப்புப்படி முறையைச் சார்ந்த நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட் ஆய்வுக் கோப்புகள் அழிந்தன. காக்க வந்த நிரலே அழிக்க வல்லதாயிருந்தது. இவ்விரண்டிலும் கண்டது ஒன்றே: செய்வோன் எத்துணைத் திறவோனாயினும், வேண்டியதற்கு மேற்பட்ட உரிமை அவன் கையில் இருக்குமாயின் ஒரு கணம் போதும்.

காக்கும் முறை

இனி, பிழைபட்டுக் கற்றுக்கொண்ட முறைகளைத் தொகுத்துரைப்பேன்.

1. விக்கியின் நிரற்கோப்புகளையும் தரவுக் கோப்புகளையும் வேறாக எண்ணுக. நிரலை வலைவழங்கி படித்தால் போதும்; எழுதும் உரிமை வேண்டா. தரவுக் கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமை அளிக்க.

2. கோப்புறைகளுக்கு ஓர் எண், கோப்புகளுக்கு ஓர் எண் என இருமுறை கட்டளையிடுக. பொதுவாகக் கோப்புறைக்கு 755, கோப்பிற்கு 644 தக்கவை. ஏனையோர் காணலாகாத தரவிற்கு 750, 640 எனக் குறைத்துக்கொள்க. டோக்குவிக்கி தான் புதிதாக ஆக்கும் கோப்புகளுக்கு இடவேண்டிய எண்களைத் தன் அமைப்பிலேயே குறிக்க இடந்தருதலின், அங்கும் அவற்றையே எழுதிவைக்க.

3. நண்பர் பலர் கூடி உழைப்பின், 777 இடாது ஒரு குழு அமைத்து அனைவரையும் அதில் சேர்க்க. கோப்புறைக்கு 2775 என்று இட்டால், உள்ளே புதிதாய் எழும் கோப்புகள் அக்குழுவிற்கே உரியனவாகும். ஒலி, படம் முதலியவற்றை இயன்றவரை விக்கியின் முன்வாசல் வழியே ஏற்றுக.

4. உரிமையை மாற்றுமுன் பழைய உரிமைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்க. 'கெட்ஃபேசிஎல்' என்னும் கட்டளை அவற்றைத் தொகுத்துத் தரும். 'செட்ஃபேசிஎல்' அவற்றைப் பழையபடி மீட்டுத் தரும். முழுக் கோப்புறைக்கும் ஒருசேரக் கட்டளையிடுமுன், தாம் நிற்கும் இடம் யாதென்று ஒருமுறை கேட்டறிக. அவசரமாயினும், காப்புப்படி எடுத்து முடிந்தபின்னரே உரிமையில் கைவைக்க.

5. படியெடுக்கும் கணக்கிற்கு எல்லாவற்றையும் படிக்கும் உரிமை அளிக்க; மூலத்தில் எழுதும் உரிமை அளியற்க. விக்கி இருக்கும் கணிப்பொறி காப்புப்படியை அனுப்புதலினும், வேறொரு கணிப்பொறி வந்து எடுத்துச் செல்லுதல் நன்று. அங்ஙனமாயின் இங்கு நேரும் பிழை அங்குள்ள படியைத் தொடாது.

6. நிரல் கூறும் முறையீட்டை அழித்துவிடற்க. முடிவெண் சுழியமன்றேல் அன்றே காரணம் காண்க. மூலத்தில் எத்தனை கோப்புகள், படியில் எத்தனை என்று எண்ணி ஒப்பிடுதல் ஒரு நிமிட வேலை.

7. திங்களுக்கு ஒருமுறை காப்புப்படியை வேறோரிடத்தில் விரித்து, சில பக்கங்களைத் திறந்து படித்தும், ஒலிகளைக் கேட்டும் காண்க. பழங்காலத்தில் சுவடிக்குப் படி எழுதியோர், எழுதி முடித்தபின் ஒருவர் படிக்க மற்றொருவர் மூலத்தோடு ஒப்புநோக்குவர். ஒப்புநோக்காத படியைப் படியென்று கொள்ளற்க.

8. படிகள் மூன்று இருக்க. அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் இருக்க. அவற்றைக் கண்ணாற் காணுமுன் மூலத்தை, அது கைபேசியில் இருப்பினும், நீக்கற்க.

முடிவுரை

உரிமை வரம்பு என்பது நண்பர்மேல் ஐயங்கொண்டு இடும் வேலியன்று. அன்புடைய கைகளும் அயர்வுறும். இரவு ஒன்பது மணிக்குக் கண்களும் மயங்கும். அவ்வேளையில் 'அனுமதி இல்லை' என்று கூறும் கணிப்பொறியின் ஒரு சொல், தோழனுக்குத் தோழனாக நின்று காக்கும். மறுக்கப்படும்போது வெகுளாது, அது எதனைக் காக்க மறுக்கின்றது என்று ஒரு கணம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

எம் விக்கி இன்று திருத்தமுற இயங்குகின்றது. அதன் படிகளுள் ஒன்று இக்கல்லூரி விடுதியில் என்னிடத்தும், மற்றொன்று ஆண்டிபட்டியிலும் உள்ளன. திங்கள்தோறும் தோழனும் யானும் ஒருவர் படியை மற்றவர் விரித்துப் பார்க்கின்றோம். பொருள் எழுதப்படாது நின்ற 7 சொற்களுள் 2 சொற்களுக்குச் சுப்புலாபுரத்து முதியவர் ஒருவர் பொருள் கூறினார். எஞ்சிய 5 சொற்களின் பக்கங்களை யாம் நீக்கவில்லை. சொல் மட்டும் நிற்க, பொருள் என்னுமிடம் வெறுமையாகவே உள்ளது. அச்சொற்களை ஒரு தாளில் எழுதித் தமிழ்த்துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ளேன். தறியுள்ள வீட்டிற் பிறந்த மாணவரும், பழைய மாணவரும், தம் வீட்டுப் பெரியோரை வினவி ஒரு சொல்லுக்கேனும் பொருள் அறிந்து கூறுவாராயின், அந்நன்றியை என்றும் மறவேம். கூறுமுன் அதனைத் தம்மிடத்தும் ஒரு படி எழுதி வைத்துக்கொள்வாராக.